மொட்டைமாடியில் ஓர் இரும்புப் பட்டம்

என் அத்தான் பூன் கெங்கிடம் யாரும் எதையும் இரண்டாம் முறை சொன்னதில்லை. கடைப் பலகை தெருவில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஊர் அலுவலகத்து ஆள் ஒருவர் போகிறபோக்கில் சொன்னார். மறுநாள் காலை பலகை சுவரோடு ஒட்டியிருந்தது. வண்டிகளை உறுமவிட்டால் தலை வலிக்கிறது என்று எதிர்வீட்டு அம்மாள் சொன்னாள். அன்றிலிருந்து பழுதுபார்த்த ஸ்கூட்டர்களைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டுபோய்த்தான் கிளப்பிப் பார்த்தார். கோபமோ வருத்தமோ இருந்ததாகத் தெரியவில்லை. "சரி" என்பார். சொல்லி முடிப்பதற்குள் கை வேலையைத் தொடங்கியிருக்கும்.

"பொண்ணப் பிடிச்சிருக்கான்னுகூட இவரை யாரும் கேக்கலை. கட்டிக்கன்னாங்க, சரின்னாரு. அன்னிக்கு வேற எவளக் காட்டியிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பாரு" என்று என் அக்கா சியூ லுவான் ஊரெல்லாம் சொல்வாள். அவர் பக்கத்தில் இருந்தால் அதற்கும் தலையாட்டுவார்.

தாய்வானுக்குச் சொந்தமான கின்மென் தீவின் மேற்குக் கரையில், சீனாவுக்கு நேர் எதிரே எங்கள் ஊர். பழைய வீடுகளின் ஓட்டுக் கூரைகள் இரண்டு முனையும் தூக்கி நிற்கும். நடுவில் அத்தானின் வீடு மட்டும் காங்கிரீட். கீழே ஸ்கூட்டர் பட்டறை, மேலே இரண்டு அறை, அதற்கு மேல் மொட்டைமாடியும் தண்ணீர்த் தொட்டியும். பக்கத்துக் கடை என்னுடையது. சிப்பிக் கஞ்சி. என் வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் வண்டியை அவரிடம் விட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள்.

அந்த வசந்தத்தில் ருவோ லான் என்று ஒரு பெண் பட்டறைக்கு வந்தாள். தாய்வானில் தாய்நான் ஊர்க்காரி. தீவில் இருக்கும் கல்லூரியில் சிற்பம் படிக்கிறாள், கடைசி வருடம். கடைசி வருட மாணவர்கள் ஆளுக்கொரு ஊரைப் பிடித்து, தாங்கள் செய்ததை அங்கே நிறுத்திக் காட்ட வேண்டும். கல்லூரியின் பட்டறையை மாலையில் பூட்டிவிடுகிறார்கள்.

"பெரியப்பா, சாயங்காலம் மட்டும் இங்க வந்து வெல்டிங் பண்ணிக்கட்டுமா?"

"சரி."

"கரண்டுக்கு என்ன குடுக்கணும்னு சொல்லுங்க."

"சரி, பாக்கலாம்."

அக்கா என் கடைக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "கேட்டியாடா? கரண்டு காசும் போச்சு."

ஆனால் அந்தப் பெண்ணுக்கு தினமும் ஒரு கிண்ணம் கஞ்சி என் கடையிலிருந்து எடுத்துப் போனதும் அக்காதான். "ஒட்டடைக் குச்சியாட்டம் இருக்கா. இந்த இரும்பைத் தூக்குறப்ப முறிஞ்சுடுவா."

ருவோ லான் வேலை தொடங்கிய முதல் மாலை இருட்டியது. வெல்டிங் பொறி பறந்தது. அத்தான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். மீதிப் பாதிக்கு ஒரு தார்ப்பாயைக் கட்டினார். அவள் முகமூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"எதுக்குப் பெரியப்பா? புழுங்குதே."

"வெளிச்சம் வெளிய தெரியுது."

"தெரிஞ்சா?"

அத்தான் யோசித்தார். கடலுக்கு அக்கரையில் ஷியாமென் நகரத்தின் அடுக்குமாடிகள் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு நின்றன. எங்கள் பக்கத்துக் கடற்கரைச் சாலையிலும் வரிசையாக விளக்குகள்தான்.

"தெருவுல போறவங்க கண்ணு கூசும்" என்றார்.

தெருவில் யாரும் இல்லை. நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது பொழுது சாய்ந்தால் விளக்குக்குக் கறுப்புத் துணி போட வேண்டும். ஒற்றைப்படைத் தேதிகளில் அக்கரையிலிருந்து குண்டு வரும். பிறகு குண்டு நின்றது. அதற்கப்புறம் பல வருடம் கழித்துத் தடைகளும் போயின. என் அக்கா இன்றைக்கும் திரைச்சீலையை இழுத்துவிட்டுத்தான் விளக்குப் போடுவாள். ஏன் என்று கேட்டால் கொசு என்பாள்.

இரும்பு நாளுக்கு நாள் வளர்ந்தது. முதலில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு குழாய்கள். அவற்றின் முனைகளைச் சேர்த்து நாற்புறமும் கம்பி. அத்தான் குப்பையில் போட்டிருந்த மட்கார்டுகளை அவள் கேட்டு வாங்கி, தட்டி நிமிர்த்தி, வெட்டி, நடுவில் வைத்துப் பற்றவைத்தாள். என் கடையில் கஞ்சி குடித்தபடி அதைப் பார்ப்பவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"கணவாய் மீன் காயப்போடுற தட்டி" என்றாள் அக்கா.

"இல்ல. பாராசூட்டுக் கம்பம்" என்றார் தபால்காரர் அ-புய். மேலிருந்து பாராசூட்டில் குதிப்பவனைக் குத்துவதற்காக அந்தக் காலத்தில் வயல் நடுவே நட்டு வைத்திருந்த கூர்க்கம்பங்களைச் சொன்னார். "பாரு, முனை வெச்சிருக்கா. எறங்கினான்னா நேரா பின்னாடிதான்."

"வாயைக் கழுவுங்க. பொம்பளப் புள்ள நிக்குது."

ருவோ லானுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு பாதிதான் புரியும். சிரித்துக்கொண்டே வேலை செய்தாள்.

ஒருநாள் அவள் பழைய ஸ்கூட்டர் செயின் ஒன்றைக் கேட்டாள். அத்தான் ஒரு வாளி நிறையக் கொடுத்தார். அவற்றை நீளமாகக் கோத்து, இடையிடையே நசுங்கிய பிரேக் பிடிகளைக் கட்டி, அந்தச் சட்டத்தின் கீழ்முனையில் தொங்கவிட்டாள். தள்ளி நின்று பார்த்தாள். அத்தான் ஒரு வண்டியின் அடியில் குனிந்திருந்தார். நிமிர்ந்தார். அப்படியே நின்றார்.

"பட்டம்" என்றார்.

"ஆமா பெரியப்பா. இத்தனை நாள் தெரியலையா? எங்க ஊர்ல எங்கப்பா வாரா வாரம் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போவாரு. நான் அவர் தோள்ல ஒக்காந்துகிட்டு நூலைப் பிடிச்சுப்பேன். இதுக்குச் 'சிறுவயது'ன்னு பேரு வெச்சிருக்கேன்."

அன்றிரவு அத்தான் சரியாகச் சாப்பிடவில்லை. என் கடையை மூடும் நேரம் வந்து உட்கார்ந்தார். சோளச் சாராயம் கொஞ்சம் ஊற்றினேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குப் பேசினார்.

அவருக்கு அப்போது எட்டு வயது. எங்கள் தீவில் பட்டம் விடக்கூடாது, புறா வளர்க்கக்கூடாது; அக்கரைக்குச் சைகை காட்டுகிறோம் என்பார்கள். பந்து வைத்திருந்தால் பதிவு செய்ய வேண்டும். பந்தைக் கட்டிக்கொண்டு யாராவது அக்கரைக்கு நீந்திவிடுவார்களாம். ஆனால் பள்ளிப் புத்தகம் தைபேயில் அச்சானது. அதில் வசந்த காலத்தில் பிள்ளைகள் பட்டம் விடுகிற பாடம் இருந்தது, படத்தோடு. வாத்தியார் அதை வாசித்தார், எல்லோரையும் வாசிக்க வைத்தார், கடைசியில் "இது பாடம், செய்யக்கூடாது" என்றார்.

பூன் கெங் செய்தார். சிப்பி வளர்க்க நடும் மூங்கிலிலிருந்து சீவிய குச்சி, ஜன்னலுக்கு ஒட்டும் காகிதம், அம்மாவின் தையல் நூல். யாருக்கும் சொல்லாமல் ஊருக்குப் பின்னால் சோளக்காட்டுக்குப் போனார். அது ஏறியது. இலைக்கு மேல், மரத்துக்கு மேல் போனது. நூல் விரலை அறுத்தது என்றார் அத்தான். அது வரைக்கும் எதுவும் தன்னை மேல் பக்கமாக இழுத்ததில்லை என்றார்.

அப்போது தியான் சோ ஓடிவந்தார். ஊர்க்காவல் படையில் எங்கள் தெருவுக்குத் தலைவர். இருபத்திரண்டு வயது இருக்கும். கத்தவில்லை. நூலைப் பிடுங்கி இழுத்தார். காகிதம் தரையில் விழுந்ததும் மிதித்தார். பையனின் பிடரியைப் பிடித்து உழவுசாலில் தலையை அழுத்தினார். பக்கத்தில் தானும் குப்புறப் படுத்துக்கொண்டார். இருட்டும்வரை இருவரும் அப்படியே கிடந்தார்கள். குண்டு எதுவும் வரவில்லை. பிறகு காதைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்து, "பையன் தடுக்கி விழுந்துட்டான் அக்கா, மூஞ்சியக் கழுவி விடுங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தானின் அப்பாவை அன்றே ராணுவத்தார் பிடித்துப்போயிருப்பார்கள்.

"அப்புறம் அவருகிட்ட நீங்க அதைப் பத்திப் பேசவே இல்லையா?"

"என்ன பேசுறது?"

எஞ்சின் வேலை கற்றுக்கொள்ள அத்தான் தாய்வானின் காவ்ஸியுங் நகரத்துக்குப் போயிருந்தார், இளவயதில். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் வானம் முழுக்கப் பட்டங்களைப் பார்த்தாராம். இவர்களையெல்லாம் பிடித்து ஏற்றிக்கொண்டு போக ராணுவ வண்டி எப்போது வரும் என்று ஓரமாக நின்றாராம். வரவில்லை. பொழுது சாய்ந்ததும் இவரே கிளம்பிவிட்டார்.

கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் நின்று, "அதை எங்க மொட்டைமாடியில வெக்கச் சொல்லலாம்னு இருக்கேன்" என்றார். "தொட்டிக்கும் மேல. குழாய் போட்டு. ஊர்ல எல்லாத்துக்கும் மேல இருக்கணும்."

அவர் எதையாவது வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ருவோ லான் குதித்தாள். அவள் கூடைப்பந்துத் திடல் ஓரமாக வைப்பதாகத்தான் இருந்தாள். அக்கா மட்டும், "தொட்டி விழுந்தா தண்ணிக்கு நீங்கதான் கிணத்துக்குப் போகணும்" என்றாள். அத்தான் ஒரு ஸ்கூட்டரின் முன்சக்கரத்துப் பேரிங்கைக் கழற்றிக் குழாயின் தலையில் பொருத்தினார். காற்றடித்தால் பட்டம் திரும்பும். இரண்டு நாள் அதே வேலை. வந்த வண்டிகள் வரிசையாக நின்றன. "நாளைக்கு வாங்க" என்று அவர் சொல்லிக் கேட்டு வாடிக்கையாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஏற்றிய அன்று வெயில். நானும் அ-புய்யும் கயிறு பிடித்தோம். மதியத்துக்குள் பட்டம் மேலே நின்றுவிட்டது. தென்மேற்குக் காற்றில் பட்டம் மெதுவாகத் திரும்பி அக்கரையைப் பார்த்தது. செயின் வால் கலகலவென்றது. ருவோ லான் கீழே வாசலில் ஒரு தகட்டை ஒட்டினாள்: 'சிறுவயது'.

"யாரோட சிறுவயசு?" என்றார் அ-புய்.

"என்னுது" என்றாள் ருவோ லான்.

"அதானே பாத்தேன். எங்களுதா இருந்தா பதுங்குகுழியில்ல செஞ்சு வெக்கணும்."

அக்கா தெருவின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். "கணவாயும் காயப்போடலாம்."

அத்தான் ஒரு கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நடுநடுவே வாசலுக்கு வந்து மேலே பார்த்துவிட்டுப் போனார்.

ருவோ லான் குழாய்க்கு அடிக்க சிமென்ட் நிறத்துப் பெயின்ட் வாங்க டவுனுக்குப் போனாள். பொழுது சாய்கிற நேரம் தியான் சோ வந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார். முழங்காலில் மூலிகைப் பத்து ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது, மற்றக் கால் மண். அதையெல்லாம் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை. அவர் தெருவில் நின்று விரலை மேலே நீட்டினார்.

"பூன் கெங்! அது கூரைக்கு மேல இருக்கு. இறக்கு."

"சரி, தலைவரே."

அவ்வளவுதான். அத்தான் ஏணியை எடுத்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி ஏணியைப் பிடித்தேன். அ-புய் தபால் பையைத் தரையில் வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். அக்கா வாசல் விளக்கை அணைத்தாள். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைச் சாத்தினாள். ஏற்றுவதற்கு அரை நாள் ஆனது, இறக்குவது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. பட்டத்தைப் பட்டறைக்குள் கொண்டுபோய்ச் சாய்த்து, மேலே தார்ப்பாயைப் போட்டோம். தியான் சோ எல்லாம் முடியும்வரை நின்றார். பிறகு நொண்டிக்கொண்டு போனார்.

ருவோ லான் திரும்பி வந்தபோது நாங்கள் நால்வரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அவள் மேலே பார்த்தாள். எங்களைப் பார்த்தாள்.

"ஏன் இறக்கிட்டீங்க?"

"இறக்கச் சொன்னாங்க" என்றார் அத்தான்.

"யாரு?"

"ஊர்க்காவல் படைத் தலைவர்."

"இங்க ஊர்க்காவல் படை இருக்கா?"

அந்தப் படையைக் கலைத்தபோது இவள் பிறந்திருக்கவே மாட்டாள்.

"பட்டம் விடக்கூடாதுன்னு சட்டம் இருக்கா பெரியம்மா?"

"இருந்துச்சு" என்றாள் அக்கா.

"இப்ப?"

அ-புய்தான் முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடப் பாவிங்களா! நான் தபால் பையையே தெருவுல போட்டுட்டேன். அரசாங்க வேலையில இருக்கேன் நான்!" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. அணைத்த அடுப்பில் கஞ்சி அடிப்பிடித்துக் கிடந்தது. அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அத்தான் மட்டும் தார்ப்பாய் போர்த்திய அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்ல பெரியப்பா" என்றாள் ருவோ லான். "நாளன்னைக்குத்தான் தாய்வான்ல இருந்து வாத்தியாருங்க பாக்க வர்றாங்க. திடல்லயே வெச்சுக்கறேன். தரையில இருந்தாலும் மார்க் போடுவாங்க."

"தரையில வேண்டாம்" என்றார் அத்தான்.

அவள் போன பிறகு அக்கா ஆரம்பித்தாள்.

"வேணும்னு கேட்டது நீங்க. இறக்கினதும் நீங்க. ஒரு வார்த்தை 'ஏன்'னு கேட்டீங்களா?"

"உனக்கு என்ன? நீதான் விளக்கை அணைச்சே."

"நான் அணைச்சேன், சரி. எனக்கா அந்தப் பட்டம் வேணும்? கேக்குறேன். எனக்கா?"

அவள் குரல் தணிந்தது. "மூணு நாளா பொழுதுக்கும் அதையே பேசிட்டுத் திரிஞ்சீங்க. இத்தனை வருசத்துல உங்களை அப்படிப் பாத்ததே இல்ல. அதான் எனக்கு ஆத்திரமா வருது."

மறுநாள் காலை கடைக்கு வந்து, "என்கூட வா" என்றார் என்னிடம்.

தியான் சோவின் வீடு கோயிலுக்குப் பின்னால். வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே தொலைக்காட்சி ஆள் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"உக்காரு. கடலை தின்னு" என்றார்.

அத்தான் உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன்.

"தலைவரே, அந்தப் பட்டம்..."

"ம்."

"இப்ப அதுக்குச் சட்டம் எதுவும் இல்ல."

தியான் சோ கடலைத் தோலை ஊதினார். "எனக்குச் சட்டம் சொல்லித்தர வந்தியா? தடையெல்லாம் போன அன்னிக்கு இந்த ஊர்ல மொத பட்டாசு வெச்சது யாரு? நான். என்னப் பாத்தா கிறுக்கன் மாதிரி இருக்கா?"

"அப்புறம் ஏன் இறக்கச் சொன்னீங்க?" என்று நான் கேட்டேன்.

அவர் இரண்டு கடலை உரித்தார், தின்னாமல் தட்டில் போட்டார்.

"முட்டிக்குப் பத்துப் போட்டுக்கிட்டிருந்தேன். நிமிந்து பாத்தா கூரைக்கு மேல அது நிக்குது. அப்புறம் பாத்தா சோளக்காட்டுல நிக்கிறேன். எப்படிப் போனேன்னு தெரியல. இந்த முட்டிய வெச்சுக்கிட்டு நான் ஓடி எத்தனை வருசமாச்சு. சால் சாலாத் தேடினேன். அங்க ஒருத்தரும் இல்ல. அதுக்கப்புறம்தான் உன் கடைக்கு வந்தேன்."

"சோளக்காட்டுல என்ன தேடினீங்க?" என்றார் அத்தான்.

"உன்னத்தான்டா. வேற யாரை?"

உள்ளே தொலைக்காட்சியில் யாரோ ஒரு பெண் மருந்து விற்றுக்கொண்டிருந்தாள். அத்தான் மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். நானும் அவர்களைப் பார்க்காமல் கடலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு எனக்குக் கை நடுங்கிச்சு" என்றார் தியான் சோ. "உன் பிடரிய அழுத்தினது கோவத்துல இல்ல. எனக்கு என் கைய எங்கயாவது வெக்க வேண்டியிருந்துச்சு. அவ்வளவு பெரிய ஆளா நானு? இருபத்திரண்டு வயசு. துப்பாக்கி குடுத்தாங்க, குண்டு குடுக்கல."

"தெரியாது அண்ணே" என்றார் அத்தான். அவரை 'அண்ணே' என்று அத்தான் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"இப்பச் சொல்லு. அதை மறுபடி ஏத்தட்டுமான்னு கேக்க வந்தே. அதானே?"

"கேக்க வரல" என்றார் அத்தான். "ஏத்தப்போறேன்னு சொல்ல வந்தேன்."

தியான் சோ அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

"எனக்கும் வராது அண்ணே. ஆனா ஏத்துவேன்."

"ஏத்து போ" என்றார் கிழவர். "மின்னல இழுக்கும். ஒரு கம்பி கட்டித் தரைக்கு இறக்கு. அதுகூடத் தெரியாம நேத்து சும்மா நட்டு வெச்சிருந்தே. மெக்கானிக்காம் மெக்கானிக்."

நாங்கள் தெருமுனைக்கு வந்த பிறகு அவர் பின்னாலிருந்து கத்தினார்: "மேல போறப்ப செருப்பக் கழட்டிட்டுப் போ. வழுக்கும்!"

மறுநாள் விடிந்தபோது மூடுபனி. அந்தப் பருவத்தில் எங்கள் தீவுக்கு வழக்கம்தான். கடல் இல்லை, அக்கரை இல்லை, கோயில் கூரைகூட இல்லை. தெருவில் வருகிறவரின் இருமலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ருவோ லான் நனைந்த தலையோடு வந்தாள். தாய்வானிலிருந்து மார்க் போடும் வாத்தியார்களை ஏற்றிக்கொண்டு வர வேண்டிய விமானம் கிளம்பவில்லை.

"இன்னிக்கு ஏத்த வேண்டாம் பெரியப்பா. ஏத்தினாலும் யாருக்கும் தெரியாது. பனி விலகட்டும்."

"இன்னிக்கே ஏத்தணும்" என்றார் அத்தான்.

ஏணி ஈரமாக இருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். மூன்றாவது படியிலேயே பாதி மறைந்துவிட்டார். நானும் அ-புய்யும் கயிற்றை இழுத்தோம். எங்கள் கையிலிருந்து பட்டம் மேலே போய் வெள்ளையில் கலந்தது. மேலிருந்து, "இன்னும், இன்னும், நிறுத்து" என்று குரல் மட்டும் வந்தது. பிறகு போல்ட் முறுக்கும் சத்தம். பிறகு செயினின் சத்தம். தரைக்கு ஒரு செம்புக் கம்பி இறங்கி வந்தது. அதை நான் மண்ணில் புதைத்தேன்.

"முடிஞ்சுது" என்றார் அ-புய். கையைத் துடைத்துக்கொண்டு தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். இந்த முறை அதைக் கீழே போடவில்லை என்று எங்களுக்குக் காட்டிவிட்டுப் போனார்.

அத்தான் இறங்கவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்து அக்கா வாசலுக்கு வந்தாள். "என்ன பண்றாரு மேல?"

"தெரியல."

"ஏங்க! எறங்கி வாங்க. வண்டி வந்திருக்கு."

வண்டிக்காரன் என் கடையில் உட்கார்ந்தான். பிறகு இன்னொரு வண்டி வந்தது. பிறகு தெருவில் நொண்டி நடக்கும் சத்தம் கேட்டது. தியான் சோ பனிக்குள்ளிருந்து வந்தார். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. என் கடை முன்னால் நின்று அண்ணாந்தார்.

"ஏத்திட்டானா?"

"ஏத்திட்டாரு."

"ஒண்ணும் தெரியலையே."

"பனி."

அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். செயின் எங்கோ உரசியது. தலையாட்டிவிட்டு உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்தார். நான் கஞ்சி வைத்தேன். கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை. ருவோ லான் அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள். யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊறுகாய்த் தட்டை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

மதியம் ஆனது. பனி அசையவில்லை. அக்கா மறுபடி தெருவுக்குப் போனாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"இந்தா பாருங்க. சாப்பாட்டு நேரம். குளிர்ல ஒக்காந்து காய்ச்சல் வரப்போகுது. எறங்குங்கன்னா எறங்குங்க!"

"மாட்டேன்" என்றது மேலே.

வண்டிக்காரர்கள் இருவரும் கரண்டியை நிறுத்தினார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"என்னடா சொன்னாரு?"

"மாட்டேன்னாரு."

"அவரா?"

"விடு தங்கச்சி" என்றார் தியான் சோ உள்ளிருந்து. "இருக்கட்டும் அவன்."

அக்கா கொஞ்ச நேரம் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபப்படலாமா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு என் அடுப்படிக்கு வந்து, தானே கரண்டியை எடுத்து, பெரிய கிண்ணமாகப் பார்த்து ஊற்றினாள். சிப்பியை அடியிலிருந்து அள்ளிப் போட்டாள். மேலே வெங்காயத்தாளைத் தூவினாள். தட்டு போட்டு மூடி என் கையில் கொடுத்தாள்.

"கொண்டுபோய்க் குடு. சூடா குடிக்கச் சொல்லு." யோசித்துவிட்டுச் சேர்த்தாள்: "சொல்ல வேண்டாம். வெச்சுட்டு வா."

நான் ஒரு கையால் ஏணியைப் பிடித்து ஏறினேன். மாடியில் எனக்கு என் கால் தெரியவில்லை. செயின் சத்தத்தை வைத்து நடந்தேன். அத்தான் குழாயில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தலைமுடியெல்லாம் நீர்த்துளி. அவருக்கு மேலே பட்டத்தின் வால் மட்டும் கொஞ்சம் தெரிந்தது, மீதி இல்லை.

கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்து முகத்தில் ஆவி படும்படி பிடித்தார்.

"வண்டி ரெண்டு நிக்குது" என்றேன்.

"நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குடிக்க ஆரம்பித்தார்.